பழைய ரோடும் நீலக் கோடும்

1

கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், சரக்கு லோரிகளுக்கு நேர அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியியல் பட்டம், கையில் ஒரு மடிக்கணினி, எதையும் எண்ணாக மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை. இவ்வளவுதான் அப்போது என்னிடம் இருந்தது. ஒரு வாரம் முழுக்கக் காலையும் மாலையும் கூகள் மேப்ஸைத் திறந்து, எங்கள் தொழிற்சாலையிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையச் சரக்குக் கிடங்குக்கு எத்தனை நிமிடம் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டேன். சராசரி எடுத்தேன். பாவம் என்று பதினைந்து நிமிடம் கூடுதலாகச் சேர்த்தேன். அதற்கு மேல் தாமதமாகும் லோரி எக்செல் தாளில் சிவப்பாகத் தெரியும்படி செய்தேன். மேலதிகாரி பாராட்டினார்.

மூன்றாவது வாரம் ஓர் ஓட்டுநர் அண்ணன் என் மேசைக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, இந்த நேரத்த நீங்க எதுல ஓட்டிப் பாத்தீங்க?"

"கூகள்ல பாத்தேண்ணே."

"அது மைவி ஓட்டுற நேரம் தம்பி. நான் ஓட்டுறது பத்து டன்."

அவர் எங்கள் ஊழியர் இல்லை. எங்களுக்கு லோரி அனுப்பும் ஒரு நிறுவனத்தின் ஆள். என் சிவப்புக் கட்டங்களைக் காட்டி அந்த மாதம் அவருக்கு இரண்டு டிரிப் காசை வெட்டியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நெடுஞ்சாலையில் காருக்கு வேக வரம்பு 110. கனரக லோரிக்கு 80 அல்லது 90. கார் ஒரு மணி நேரத்தில் கடக்கும் 110 கிலோமீட்டரை 80 வேகத்தில் போகும் லோரி கடக்க 82 நிமிடம் ஆகும். ஏற்றம், எடை, வளைவு, டோல் சாவடியில் நின்று மறுபடி வேகம் எடுப்பது எதுவும் இதில் இல்லை. கூகள் மேப்ஸிலும் வேஸிலும் கார் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. லோரி என்று ஒரு தேர்வு இல்லை. பள்ளிக்கூடக் கணக்கு இது. நான் போடாமல் விட்டிருந்தேன்.

என் பெரியப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒருநாள்கூட இதைப் பற்றிக் கேட்டதில்லை. அந்த அண்ணன் வந்துபோன பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். பெரியப்பா சொன்னதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, கெடா சாலைகளில் லோரிக்காரர்களுக்கு வழிச்செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்ற சின்ன வரலாற்றை எழுதிப் பார்க்கிறேன். எனக்கு விளங்க வேண்டியது ஒன்றுதான். வழியை யார் முடிவு செய்தார்கள்? அது தப்பாகப் போனபோது யார் கையைக் கடித்தது?

2

நம் தோட்ட வரலாறு பெரும்பாலும் பால் வெட்டுக்காரர்களின் வரலாறு. கங்காணி, கிராணி, மண்டோர், துரை எல்லாரும் அதில் வருகிறார்கள். பால் டாங்கியை ஏற்றிக்கொண்டு போன லோரிக்காரர் ஓரமாக வந்துபோகிறார். ஆனால் பெரியப்பா சொல்லும் தோட்டத்தில் லோரி எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது. காலையில் ஆட்களை ஏற்றும், பத்து மணிக்குப் பால் ஏற்றும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும், திருவிழாவுக்கு ஆள் ஏற்றும். பிணத்தையும் அதே லோரிதான் ஏற்றும். டவுனுக்குத் தினமும் போய்வரும் ஒரே தோட்டத்து ஆள் அந்த ஓட்டுநர்தான். சம்பளம் எப்போது போடுவார்கள், பக்கத்துத் தோட்டத்தில் என்ன சண்டை, எந்தப் பாலம் தண்ணீரில் மூழ்கிவிட்டது என்பதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் லயத்துக்குள் வரும்.

செய்தி அவரிடம் இருந்தது. வழி அவரிடம் இல்லை. தோட்டத்து லோரி எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்யும். அவசரகாலம் வந்தபோது அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு அரிசியும் டின் உணவும் போய்ச் சேராமல் தடுக்க ஆங்கிலேயர்கள் உணவுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கட்டுப்பாட்டுப் பகுதிகளில் உணவு ஏற்றிய லோரி அனுமதிச் சீட்டு இல்லாமல் நகர முடியாது. குறித்த நேரத்தில், குறித்த சாலையில், சரக்கை மூடிக் கட்டிக்கொண்டு போக வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்தக் கூடாது. பாலிங் சுற்றுவட்டாரம் இதையெல்லாம் நன்றாக அறிந்த பகுதி. 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் சின் பெங்கும் துங்கு அப்துல் ரஹ்மானும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்ததும் அதே பாலிங் ஊரில்தான்.

பெரியப்பா பிறந்தது இந்தக் காலத்தின் கடைசியில். அவருடைய அப்பாவும், அதாவது என் தாத்தாவும், தோட்டத்து லோரியில் ஆளாக ஏறியவர். "வழியில நின்னு ஒண்ணுக்கு இருக்கக்கூடப் பயம்னு சொல்வாருடா தாத்தா" என்று பெரியப்பா சொன்னார். வண்டி நிற்கும் இடத்தையும் நேரத்தையும் வைத்து ஓட்டுநரைச் சந்தேகப்படும் பழக்கம் ஜி.பி.எஸ். வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது.

3

பெரியப்பா பதினெட்டு வயதில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநருக்கு உதவியாளாக, ஒரு சீனத் தவுக்கேயிடம் சேர்ந்தார். தோட்டத்தில் வேலை குறைந்துகொண்டே வந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டால் பாதி ஆள் போதும். அவரோடு வளர்ந்த பையன்களில் பலர் லோரிக்குத்தான் போனார்கள். படிப்பு பெரிதாகத் தேவையில்லை, உடம்பு இருந்தால் போதும், லைசென்ஸ் எடுத்துவிட்டால் ஒரு தொழில் கைக்கு வந்துவிடும் என்ற கணக்கு.

அப்போது வடக்கில் பெரிய சாலை என்றால் இன்று நாம் 'பழைய ரோடு' என்று சொல்லும் கூட்டரசுச் சாலை ஒன்றுதான். புக்கிட் காயு ஹீத்தாம், ஜித்ரா, அலோர் ஸ்டார், கூருன், பீடோங், சுங்கைப்பட்டாணி, பிறகு மூடா ஆற்றைக் கடந்து பட்டர்வொர்த். ஒவ்வொரு டவுனுக்கும் நடுவில் புகுந்து போகும் சாலை. கூருன் பக்கம் வந்தால் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். கடாரத்துக்கு வந்த கப்பல்காரர்களுக்குக் கடலிலிருந்து அடையாளம் காட்டியது இந்த மலைதான் என்று வரலாற்றில் படித்திருப்போம். பெரியப்பாவுக்கு அது மழை அடையாளம். "மலை தல தெரியலன்னா பீடோங்ல மழை. ரோடு மெதுவாத்தான் போகும்."

1982-இல் கெரிக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை திறந்தது. அதுவரை வடமேற்கிலிருந்து கோத்தா பாருவுக்குப் போகத் தெற்கே இறங்கிப் பல நூறு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், இல்லையென்றால் தாய்லாந்துக்குள் புகுந்து வர வேண்டும். புதுச் சாலை வந்ததும் கூலிம், பாலிங் வழியாகக் கிளந்தானுக்குச் சரக்கு போக ஆரம்பித்தது. ஆனால் கம்யூனிஸ்டுகள் பயத்தால் தொடக்க ஆண்டுகளில் இரவில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹாட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் அந்தப் பயம் முழுதாக விலகியது. சாலை மூடுவதற்குள் போய்ச் சேர முடியுமா என்பதுதான் பெரியப்பாவின் முதல் வழிக்கணக்கு. முடியாது என்று தெரிந்தால் முன்னாலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டியை ஓரங்கட்டித் தூங்க வேண்டியதுதான்.

அந்தக் கடைகளில்தான் போக்குவரத்து நிலவரம் கிடைத்தது. எதிர்த்திசையில் வந்தவர் சொல்வார்: எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே யானை நிற்கிறது, எந்த வளைவில் லோரி கவிழ்ந்து கிடக்கிறது. சாலையில் ஓடும்போது விளக்குப் பாஷை. எதிரே வருபவர் இரண்டு முறை விளக்கை அடித்தால் முன்னால் போலீஸோ ஜே.பி.ஜே.யோ நிற்கிறார்கள். கையை வெளியே விட்டுக் கீழே தட்டினால் வேகத்தைக் குறை. இந்த விளக்குப் பாஷைக்கு மலாய், சீனம், தமிழ் என்ற பேதம் கிடையாது.

பொறியாளர்கள் பேச்சில் சொன்னால் இதுவும் நேரலைத் தகவல்தான். எதிரே வந்தவர் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாத செய்தி. அதற்கு இரண்டு குணங்கள் இருந்தன. செய்தி சொன்னவரும் லோரிக்காரர், கேட்டவரும் லோரிக்காரர். 'இந்தப் பாலத்தில் போகலாம்' என்று அவர் சொன்னால் லோரி போகலாம் என்று அர்த்தம். இன்னொன்று, இன்றைக்குச் சொன்னவர் நாளைக்குக் கேட்பார். தப்பாகச் சொன்னவரை அடுத்த வாரம் அதே கடையில் பிடித்துவிடலாம்.

4

1994 செப்டம்பர் 8-ஆம் தேதி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 770 கிலோமீட்டர். கெடாவின் லோரிக்காரர்களுக்கு முதல்முறையாக ஒரே திசையில் இரண்டு சாலைகள் கிடைத்தன. ஒன்று வேகமானது, காசு கேட்கும். இன்னொன்று இலவசம், நேரம் தின்னும். வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே இப்போதுதான் உண்மையில் பிறக்கிறது.

அதே 1994-இல் ஒரு வானொலி தொடங்கியது. டைம் ஹைவே ரேடியோ என்று பெயர். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குப் பாட்டோடு சாலை நிலவரத்தையும் சொல்வதற்காக வந்த நிலையம். சுருக்கமாக டி.எச்.ஆர். 2005-இல் அது அஸ்ட்ரோ குழுமத்தின் கைக்குப் போய், மலாய்க்கு ஒன்றும் தமிழுக்கு ஒன்றுமாகப் பிரிந்தது. தமிழுக்கு வந்ததுதான் டி.எச்.ஆர். ராகா, இன்றைய ராகா. நாம் காலையில் காரில் கேட்டுச் சிரிக்கும் தமிழ் வானொலிக்கு வேர் ஒரு நெடுஞ்சாலை அறிவிப்பில் இருக்கிறது என்பது எனக்கே புதுச்செய்தி. பெரியப்பாவிடம் சொன்னேன். "ஆமாடா, அப்ப ஜேம் சொல்றதுக்குத்தான் அத வைப்போம். பாட்டு சும்மா கூட வந்துச்சு" என்றார்.

வானொலி வந்தபோது செய்தியின் திசை மாறியது. ஒருவர் பேசுகிறார், ஆயிரம் பேர் கேட்கிறார்கள். 'ஜூருவில் மூன்று கிலோமீட்டர் நெரிசல்' என்றால் அது எல்லாருக்கும் ஒன்றுதான். மறுபடி கேள்வி கேட்க முடியாது. லோரிக்கு அதில் பாதிதான் பயன். ஏனென்றால் நெரிசல் என்று தெரிந்தாலும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் உரிமை எல்லா ஓட்டுநருக்கும் இல்லை. டோல் காசை நிறுவனம் கட்டுகிறதா, ஓட்டுநர் டிரிப் காசிலிருந்து போகிறதா என்பதைப் பொறுத்து வழி மாறும். பெரியப்பா முதலில் ஓட்டிய தவுக்கே டோலுக்கென்று ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுவார். மிச்சம் பிடித்தால் அது ஓட்டுநருக்கு. ஆகவே பெரியப்பா சுங்கைப்பட்டாணியில் இறங்கிப் பழைய ரோட்டைப் பிடித்து, அந்த மிச்சத்தில் வீட்டுக்கு மீன் வாங்கி வந்தார். அடுத்த நிறுவனம் டோல் அட்டையைக் கொடுத்தது. அன்றிலிருந்து பழைய ரோட்டில் போனால் 'ஏன் போனாய்' என்று கேள்வி வந்தது. இரண்டு முறையும் அதே மனிதர்தான், சாலையும் அதேதான். காசு யார் பையிலிருந்து போகிறது என்பதுதான் மாறியது.

இது பெரியப்பாவின் கதை மட்டும் இல்லை. போக்குவரத்து ஆய்வில் பெரிய பெயரான எம்.ஐ.டி.யின் மோஷே பென்-அகிவாவும் சிலரும் அமெரிக்க லோரி ஓட்டுநர்களிடம் கேட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே பேசுகிறது. ஓட்டுநர்களின் வழித்தேர்வு ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு டோலை யார் கட்டுகிறார்கள், சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பவையும் காரணம். கார்க்காரருக்கு வழி என்றால் நேரம். லோரிக்காரருக்கு அது சம்பளத்தின் ஒரு பகுதி.

5

வேஸ் 2008-இல் இஸ்ரேலில் நிறுவனமானது. 2013-இல் கூகள் அதை வாங்கியது. கூகள் 2009-லேயே, தன் வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கும் கைப்பேசிகளின் வேகத்தைச் சேர்த்துச் சாலை நிலவரத்தைக் காட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்து லோரிகளின் கண்ணாடியில் கைப்பேசி ஒட்டிக்கொண்டபோது பெரியப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே இந்தப் பகுதிக்கு என் மேசைக்கு வந்த அண்ணன்தான் ஆசிரியர். அவரோடு இரண்டு நாள் லோரியில் ஏறிப் போனேன்.

கைப்பேசி அவருக்கு எதிரி இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். "இது இல்லன்னா செத்தோம் தம்பி" என்றார். கூலிமிலிருந்து தீவுக்குப் போக இரண்டு பாலங்கள். 1985-இல் திறந்த முதல் பாலம் கிட்டே இருக்கிறது. ஆனால் ஜூருவையும் பிறையையும் தாண்ட வேண்டும். 2014 மார்ச் 1-இல் திறந்த இரண்டாம் பாலத்துக்கு, கெடா சுல்தான் அப்துல் ஹாலிமின் பெயரைத் தாங்கிய 24 கிலோமீட்டர் பாலத்துக்கு, தெற்கே பத்து காவான் வரை இறங்க வேண்டும். தூரம் அதிகம், டீசல் அதிகம். ஜூருவில் கோடு அடர்சிவப்பாக இருந்தால் இரண்டாம் பாலம், இல்லையென்றால் முதல் பாலம். இந்த முடிவை எடுக்கக் கைப்பேசி ஒரு பார்வையில் உதவுகிறது. எந்தத் தேநீர்க்கடையும் இதைத் தந்திருக்க முடியாது.

கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. ஆகவே வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி நெரிசல், ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி. இதைக் கைப்பேசி நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. காரணம் தெரியாமலே, பழைய வாரங்களின் வேகத்தை வைத்து. ஆனால் வழக்கத்தில் இல்லாததை அது பிந்தித்தான் அறிகிறது. வடக்கே மூடா வயல்வெளியில் அறுவடை தொடங்கினால் நெல் லோரிகளும் அறுவடை இயந்திரங்களும் சின்னச் சாலைகளுக்கு வந்துவிடும். தைப்பூச இரதம் சுங்கைப்பட்டாணி டவுனுக்குள் வந்தால் அன்று அந்தப் பக்கமே போகக் கூடாது. நெரிசல் உண்டாகி, அதில் சில கைப்பேசிகள் மாட்டிக்கொண்ட பிறகுதான் கோடு சிவப்பாகும். யாராவது முதலில் மாட்ட வேண்டும்.

2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் மாவட்டத்துக் குப்பாங் பக்கம் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியது. மரக்கட்டையும் சேறுமாக வந்த அந்த வெள்ளத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அன்று கிளந்தான் சரக்கோடு அந்த வழியாகப் போக வேண்டியவர் இந்த அண்ணன். "குப்பாங்ல இருக்கிற மச்சான் போன் அடிச்சான். ஆத்துல மரமா வருது, வராதேன்னான். மேப்ல ரோடு அப்பவும் நீலமாத்தான் இருந்துச்சு" என்றார். வண்டியைக் கோலா கெட்டிலிலேயே நிறுத்திவிட்டார். சரக்கு ஒரு நாள் தாமதம். அந்த நாளுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை.

மச்சானின் போன், கடைக்காரரின் வாட்ஸ்அப் என்று பழைய தேநீர்க்கடை இன்னொரு வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஜே.பி.ஜே. அதிகாரிகளின் வண்டிகளைப் பின்தொடர்ந்து, எந்தச் சாலையில் சோதனை என்று வாட்ஸ்அப் குழுக்களில் உடனுக்குடன் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். 'தொன்தோ' என்பார்கள். அதிக எடை ஏற்றும் லோரி முதலாளிகள் அவர்களுக்கு மாதக் காசு கொடுக்கிறார்கள். ஜே.பி.ஜே. பல முறை பிடித்துச் செய்தியும் வெளியிட்டிருக்கிறது. இந்த நாட்டில் லோரிக்கென்றே செய்யப்பட்ட சாலைத் தகவல் சேவை எது என்று யாராவது கேட்டால், நாம் வெட்கத்தோடு தொன்தோவைத்தான் காட்ட வேண்டும். ஒரு காலத்தில் எதிரே வந்தவர் சும்மா அடித்த விளக்கு இப்போது சந்தா கட்டிப் பெறும் சேவையாகிவிட்டது. அதிக எடை ஏற்றச் சொன்னவர் அலுவலகத்தில் இருக்கிறார். பிரேக் பிடிக்காமல் போனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர் வேறு ஆள்.

6

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு வார்ட்ராப் என்ற ஆங்கிலேயரின் கோட்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1952-இல் எழுதியது. ஒவ்வொருவரும் தனக்கு விரைவான வழியைத் தேடிக்கொண்டே இருந்தால், கடைசியில் ஆட்கள் ஓடும் எல்லா வழிகளும் ஒரே நேரத்தை எடுக்கும் நிலைக்கு வந்துவிடும். 1968-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிராஸ் இன்னொன்றைக் காட்டினார். ஒரு வலைப்பின்னலில் புதிதாக ஒரு குறுக்குச் சாலையைச் சேர்த்தால், சில நேரம் எல்லாருடைய பயணமும் முன்பைவிட மோசமாகும். யாரும் தவறு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாலே போதும்.

தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அது எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையைப் பற்றியது என்று அப்போது தோன்றவில்லை.

தோட்டத்துச் சாலைகள் பெரும்பாலும் தனியார் சாலைகள். முன்பு ஒரு சங்கிலி இருக்கும், ஒரு காவல்காரர் இருப்பார். தோட்டத்தின் ஒரு பக்கம் வீடமைப்புப் பகுதியாகவும் இன்னொரு பக்கம் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது சங்கிலி போய்விட்டது. வரைபடத்தில் அது இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் மெல்லிய கோடு. பெரிய சாலையில் நெரிசல் வந்தால் செயலிக்கு அது 'ஆறு நிமிடம் மிச்சம்'. எங்கள் பக்கம் மாலை நேரத்தில் கார்கள் வந்தன. பிறகு வேன்கள். பிறகு ஒருநாள் ஒரு லோரி வந்து, வடிகால் ஓரத்து மண் இடிந்து, கோயிலுக்கு முன்னால் சாய்ந்து நின்றது. பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் நேரம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஓட்டுநர் வங்காளதேசத்துக்காரர் என்று ஒருவர் சொன்னார், இல்லை கூலிம் பையன்தான் என்று இன்னொருவர் சொன்னார். அவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டி "இதுதான் காட்டியது" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இழுவை லோரிக்கான காசை அவர் சம்பளத்தில்தான் பிடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். செயலி அந்த மாலையும் வழக்கம்போல் வேறு யாருக்கோ ஆறு நிமிடம் மிச்சம் காட்டியிருக்கும்.

இதே சங்கடம் பணக்கார ஊர்களுக்கும் வந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சின்ன ஊர், செயலிகள் அனுப்பும் கார்களைத் தாங்க முடியாமல் 2018 ஜனவரியில் அறுபது தெருக்களை நெரிசல் நேரத்தில் வெளியாட்களுக்கு மூடியது. ஊர் மன்றம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், உலகப் பத்திரிகைகள் எழுதின. நிலம் தன்னுடையது இல்லாத லயத்துக்காரர்கள் யாரிடம் போய்ச் சங்கிலி கேட்பார்கள்?

2020-இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைப்பேசிகளை ஒரு சின்னக் கைவண்டியில் போட்டுக் காலித் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். கூகள் வரைபடத்தில் தெரு சிவப்பானது. பலருக்கு அது வேடிக்கை. எனக்கு அதில் வேறு ஒன்று பட்டது. வரைபடத்துக்குத் தெரிவது கைப்பேசி மட்டும்தான். அது கைவண்டியில் இருக்கிறதா, மைவியில் இருக்கிறதா, பத்து டன் லோரியில் இருக்கிறதா, தைப்பூசக் கூட்டத்தில் இருக்கிறதா என்பதை அது வேகத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. லோரி அண்ணனும் கண்ணாடியில் கைப்பேசியை ஒட்டியபடி நாள் முழுக்க அந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் தகவல் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். பெரியப்பா காலத்திலும் கொடுத்தார்கள். ஆனால் அப்போது கொடுத்தவர் பேர் தெரியும்.

7

இன்று லோரியில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று ஓட்டுநருக்குச் சாலையைக் காட்டுகிறது. இன்னொன்று முதலாளிக்கு ஓட்டுநரைக் காட்டுகிறது. எங்கே நின்றார், எத்தனை நிமிடம் நின்றார், எந்த வேகத்தில் ஓட்டினார் என்பதெல்லாம் அலுவலகத் திரையில் தெரியும். இதில் நல்லதும் உண்டு. 2025 ஜூன் 9-ஆம் தேதி கெரிக் பக்கம் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பேருந்து கவிழ்ந்து 15 பேர் இறந்த பிறகு, கனரக வாகனங்களைக் கண்காணிக்க வேண்டாம் என்று மனசாட்சியோடு யாரும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கட்டம் கட்டமாகக் கட்டாயமாகி வருகிறது. அது வேண்டியதுதான். ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்திவிட்டு என்னைப் போன்ற ஒருவன் போட்ட மைவி நேரத்தை அப்படியே வைத்திருந்தால், அந்த நிமிடங்களை ஓட்டுநர் எங்கிருந்து எடுப்பார்? சாப்பாட்டிலிருந்து எடுப்பார், தூக்கத்திலிருந்து எடுப்பார், தோட்டத்துக் குறுக்குச் சாலையிலிருந்து எடுப்பார்.

நான் அட்டவணையை மாற்றினேன். லோரி வேகத்தில் நேரம் போட்டேன். 'ஓட்டுநர் சொன்ன காரணம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். சிவப்பை எடுத்துவிட்டேன். வெட்டிய இரண்டு டிரிப் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி லோரி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அது அவர்களுடைய உள்விவகாரம் என்று பதில் வந்தது. அண்ணனிடம் சொன்னேன். "பரவால்ல தம்பி, கேட்டீங்கல்ல" என்றார். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

சென்ற தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பீடோங்கிலிருந்து கெரிக் வரை அவர் ஓட்டிய வழியை வரையச் சொன்னேன். ஊர்ப் பெயர்களைவிட மற்றவைதான் அதிகம் இருந்தன. பழைய பால் ஸ்டோர். மாமாக் கடை, கடன் தருவான். ரெண்டு ஆலமரம், பிரேக் ஆறப்போடும் இடம். பள்ளிக்கூட வளைவு, ஒரு மணிக்குப் போகாதே. யானை. இவற்றில் பாதி இப்போது இல்லை. பால் ஸ்டோர் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. ஆலமரத்தைச் சாலை விரிவாக்கத்தில் வெட்டிவிட்டார்கள்.

நம் தாத்தாக்கள் பால் வெட்டிய கதையை ஓரளவு எழுதிவிட்டோம். அப்பாக்களும் பெரியப்பாக்களும் லோரி ஓட்டிய கதை இன்னும் தாளுக்கு வரவில்லை. அவர்கள் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இப்படி ஒரு வரைபடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

பெரியப்பா வரைந்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். தாளை என்னிடம் தள்ளிவிட்டு, "பள்ளிக்கூட வளைவ மட்டும் உன் கம்ப்யூட்டர்ல போட்டுருடா. அது இன்னும் அங்கதான் இருக்கு" என்றார்.